ஊசி போடாதவங்க எங்க?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே வந்தது இது. மெடிசின் முடிச்சிட்டு ஏஜிங் ரிசர்ச் பக்கம் வரலாமான்னு அடிக்கடி ஜூனியருங்க கேக்குறாங்க, இன்னொரு பக்கம் ஓ.பி.ல "டாக்டர், வயச கொறைக்கிற ஊசி வந்துருச்சாமே"ன்னு பேஷண்டுங்க கேக்குறாங்க, ரெண்டு பேருக்கும் நான் சொல்ற பதில் ஏறக்குறைய ஒண்ணுதான்னு எனக்கே லேட்டாத்தான் உறைச்சுது. முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க, ஞாபகம் வர்ற வரிசையில எழுதுறேன்.

ஆரம்பம் முதியோர் வார்டுல. நான் அங்க ஜூனியரா இருந்தப்போ பக்கத்து பக்கத்து பெட்ல ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் 78 வயசு, ரெண்டு பேருக்கும் இடுப்பெலும்பு உடைஞ்சு ஒரே வாரத்துல ஒரே சர்ஜன்கிட்ட ஆபரேஷன். ஒருத்தர் பத்தாவது நாள் வாக்கரை புடிச்சுக்கிட்டு நர்ஸுங்களுக்கு டாட்டா காட்டிட்டு போனாரு. இன்னொருத்தருக்கு சளி நெஞ்சுல எறங்குச்சு, புத்தி தடுமாறுச்சு, படுக்கைப்புண் வந்துச்சு, கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. கேஸ் ஷீட்டை திருப்பித் திருப்பி படிச்சேன், சுகர் பிரஷர் ஹார்ட் எதுலயும் பெருசா வித்தியாசம் இல்ல. சீனியர்கிட்ட கேட்டதுக்கு "வயசுப்பா, அவ்ளோதான்"னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே சார்னேன், அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. அந்த "அவ்ளோதான்"ல இருந்து தப்பிக்கத்தான் லேபுக்கு போனேன்னு சொல்லலாம்.

லேப்னா என்னன்னு தெரியாம போனேன், அதையும் சொல்லிடுறேன். வார்டுல நாலு பேரு நம்ம கையெழுத்துக்கு காத்திருப்பாங்க, லேப்ல நம்மதான் பிப்பெட்டை எப்படி புடிக்கிறதுன்னு நம்மளை விட பத்து வயசு சின்ன புள்ளைங்ககிட்ட கத்துக்கணும். முதல் வாரம் லிக்விட் நைட்ரஜன்ல இருந்து ஒரு குப்பி செல்லை எடுத்து உருக்கச் சொன்னாங்க. மைனஸ் 196 டிகிரியில தூங்கிட்டு இருக்கிற செல், அதை 37 டிகிரி தண்ணியில காட்டி சரசரன்னு உருக்கணும், உறைய வைக்கும்போது மட்டும்தான் நிமிஷத்துக்கு ஒரு டிகிரின்னு பொறுமையா போகணும். நான் டாக்டர் புத்தியில பாவம் அதிர்ச்சி ஆயிடும்னு மெதுவா உருக்கினேன். மறுநாள் ஃப்ளாஸ்க்ல ஒண்ணுகூட ஒட்டல, எல்லாம் செத்து மிதக்குது.

அடுத்தது மைகோபிளாஸ்மா. செல் கல்ச்சர் பண்ற யாருகிட்ட வேணா இந்த பேரை சொல்லிப்பாருங்க, முகம் மாறும். அது ஒரு குட்டி பாக்டீரியா, செல் சுவரே கிடையாது அதனால பென்சிலின் ஒண்ணும் பண்ணாது, சாதாரண மைக்ரோஸ்கோப்ல தெரியாது, மீடியம் கலங்காது, நம்ம வடிகட்டுற ஃபில்டருக்குள்ளயே நுழைஞ்சு போயிடும். என் செல்லுங்க எல்லாம் மெதுவா வளருதுன்னு, ஆஹா வயசாகுறதோட அறிகுறியை கண்டுபுடிச்சிட்டேன்னு நான் எட்டு மாசம் டேட்டா சேத்து வெச்சிருந்தேன். ஒருநாள் பக்கத்து பெஞ்சுல இருந்த பொண்ணு டி.என்.ஏ. சாயம் போட்டு பாத்துட்டு கூப்பிட்டா, நியூக்ளியஸுக்கு வெளிய மாவு தூவின மாதிரி சின்னச் சின்ன புள்ளி. எட்டு மாசமும் அந்த புள்ளியைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். மொத்தத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டுட்டு இன்குபேட்டரை தொடச்சு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். மாசம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, வந்த உடனே இளசா இருக்கும்போதே பத்து குப்பியாவது உறைய வெச்சுடுங்க, பாசேஜ் நம்பரை, அதாவது செல்லை எத்தனை தடவை பிரிச்சு புது ஃப்ளாஸ்க்குக்கு மாத்தினோம்ங்கிற கணக்கை, குப்பி மேலயும் நோட்டுலயும் ரெண்டு எடத்துலயும் எழுதுங்க.

பாசேஜ் நம்பர் ஏன் முக்கியம்னா, நம்ம உடம்பு செல்லு கணக்கில்லாம பெருகாது. இதுக்கு ஒரு அருமையான கதை இருக்கு. அலெக்சிஸ் கேரல்னு நோபல் வாங்கின பெரிய ஆளு, 1912ல கோழிக்கரு இதயத்து செல்லை வளக்க ஆரம்பிச்சு அது 34 வருஷம் ஓடுச்சு, அதனால செல்லுக்கு சாவே கிடையாதுன்னு உலகமே நம்புச்சு. யாரோட செல்லாவது நின்னு போனா அவன் கை சரியில்லைன்னு அர்த்தம். 1961ல லியனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் வந்து இல்லப்பா, மனுஷ செல்லு சுமாரா ஐம்பது தடவை பிரிஞ்சா நின்னுடுதுன்னாங்க. எல்லாரும் எதிர்பாத்த மாதிரியே, உன் மீடியம் சரியில்ல, வைரஸ் இருக்கும், கை சரியில்லன்னுதான் சொல்லுவாங்க இல்ல? அதுக்கு அவங்க செஞ்சதுதான் எனக்கு புடிச்ச விஷயம். பல தடவை பிரிஞ்சு கிழடான ஆண் செல்லையும், இப்பத்தான் ஆரம்பிச்ச பெண் செல்லையும் ஒரே டிஷ்ல கலந்து வளத்தாங்க. அதே மீடியம், அதே கை, அதே இன்குபேட்டர். தனியா வெச்சிருந்த ஆண் செல்லு நின்னு போன நேரத்துல கலந்த டிஷ்ல பாத்தா பெண் செல்லு மட்டும்தான் இருக்கு. மீடியம் சரியில்லன்னா ரெண்டும்ல செத்திருக்கணும்? பி.ஜி.ல இதை ஒரு வரியில மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணவன் நான், லேப்ல என் செல்லுங்க தட்டையா பரந்து விரிஞ்சு அசையாம நின்னப்போதான் அந்த டிஷ்ஷோட அருமை தெரிஞ்சுது. கேரல் விஷயத்துல கூட ஊத்தின கோழிக்கரு சாறு வழியா புது செல்லு உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கும்னு ஹேஃப்லிக் பின்னாடி சொன்னாரு.

அப்புறம் எலிக்கு போனேன். எலி ரெண்டரை மூணு வருஷம் வாழும், வயசாகுறதை படிக்கணும்னா அது வயசாகுற வரைக்கும் நம்ம உக்காந்திருக்கணும், வேற வழியே இல்ல. நம்ம பேட்ச்ல படிச்சவன் எல்லாம் கன்சல்டன்ட் ஆகி செட்டில் ஆயிட்டான், நம்ம எலிக்கு வெள்ளை முடி வருதான்னு பாத்துட்டு இருக்கோம். அதனால ஒரே ஒரு நீளமான எக்ஸ்பெரிமெண்டை மட்டும் நம்பி இருக்காதீங்க, கூடவே ஆறு மாசத்துல முடியிற கேள்வி ஒண்ணு ரெண்டு எப்பவும் கையில ஓடட்டும், இல்லன்னா மூணாவது வருஷம் காட்ட ஒண்ணும் இருக்காது.

எலி விஷயத்துல நான் வாங்கின அடியை சொல்றேன். கிரிப் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, எலி முன்னங்காலால கம்பியை புடிச்சுக்கும், நம்ம வாலை புடிச்சு மெதுவா பின்னாடி இழுக்கணும், விடுற நேரத்துல எவ்ளோ விசைன்னு மீட்டர் காட்டும். மருந்து குடுத்த எலிங்க நல்லா புடிச்சுக்குதுன்னு எனக்கு அழகா வந்துச்சு. ரொம்ப சந்தோஷமா இருந்தேன். எங்க அனிமல் ஹவுஸ்ல ஒரு அண்ணன் இருந்தாரு, எலி பாக்குறதுல பழம் தின்னு கொட்டை போட்டவரு, அவரு ஒருநாள் நான் இழுக்குறதை பாத்துட்டு "டாக்டரே, அந்த கூண்டு எலியை ஒரு மாதிரி இழுக்குறீங்க, இந்த கூண்டு எலியை வெடுக்குன்னு இழுக்குறீங்க"ன்னாரு. கோவம்தான் வந்துச்சு முதல்ல. நான் போய் அப்படி பண்ணுவேனா? அவரு எதுவும் பேசாம மறுநாள் கூண்டு லேபிளை எல்லாம் டேப்பு போட்டு மறைச்சுட்டு தானே நம்பர் போட்டு குடுத்தாரு. ரெண்டு வாரம் அப்படி இழுத்துட்டு டேப்பை பிரிச்சா, ரெண்டு குரூப்புக்கும் நடுவுல இருந்த அந்த அழகான இடைவெளியை காணோம். யாரையும் ஏமாத்தணும்னு நான் நெனக்கல. என் கைக்கு எந்த கூண்டு எதுன்னு தெரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். (பாத்தீங்களா, சீனியர் சொன்ன அதே "அவ்ளோதான்" என் வாயிலயும் வந்துருச்சு.)

இந்த ஃபீல்டுல ஒரு மருந்தை நம்பலாமா வேணாமான்னு பாக்க நான் முதல்ல தேடுறது, அமெரிக்காவுல தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நடத்துற எலி ட்ரையல்ல அது பாஸ் ஆச்சான்னுதான். ஒரே மருந்தை மூணு வேற வேற ஊர் லேப்ல ஒரே நேரத்துல, ஒரே அச்சுல வார்த்த இன்பிரெட் எலியில இல்லாம கலப்பு எலியில குடுத்து பாப்பாங்க. ஒயின்ல இருக்குன்னு பெருசா பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால் அங்க ஆயுளை கூட்டல. ராபமைசின் கூட்டுச்சு. ராபமைசின் கதையே தனி, ஈஸ்டர் தீவுல 1964ல எடுத்த மண்ணுல இருந்து வந்தது, சுரேன் சேகல்னு ஒரு விஞ்ஞானி அதை பிரிச்செடுத்தாரு, கம்பெனி லேபை மூடினப்போ தூக்கி போட மனசில்லாம வீட்டு ஃப்ரீசர்ல வெச்சு காப்பாத்தினாரு. அது கிட்னி மாத்தினவங்களுக்கான மருந்தா 1999ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. எலிக்கு தீனியில கலந்து குடுக்க நெனச்சப்போ மருந்து தீனியில நிக்கல, சிதைஞ்சு போச்சு, அதை கேப்ஸ்யூல் மாதிரி பூச்சு போட்டு சரி பண்றதுக்குள்ள எலிங்களுக்கு 600 நாள் ஆயிடுச்சு, அதாவது கிழடு. சரி குடுத்துத்தான் பாப்போம்னு குடுத்தாங்க, 2009ல ரிசல்ட் வந்துச்சு, அந்த வயசுல ஆரம்பிச்சும் ஆயுள் கூடியிருந்துச்சு. மருந்து தீனியில நிக்காம போனதுதான் அந்த ரிசல்டையே பெருசாக்குச்சு. அதுக்காக யாரும் மாத்திரையை வாங்கி போட்டுக்காதீங்க, வாய்ப்புண் வரும், கொழுப்பு ஏறும், இன்ஃபெக்‌ஷன் பயம் வேற, மனுஷனுக்கு ஆயுள் கூட்டுதுன்னு எந்த ட்ரையலும் இன்னும் காட்டல.

இப்ப முட்டி ஊசி விஷயத்துக்கு வர்றேன், தலைப்பு அதுலருந்துதான். பி.எச்டி முடிச்சு மறுபடி கிளினிக்குக்கு வந்தப்போ பி.ஆர்.பி. அலை அடிச்சுட்டு இருந்துச்சு. பேஷண்டோட ரத்தத்தையே எடுத்து சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி பிளேட்லெட் செறிவான பகுதியை மட்டும் முட்டியில போடுறது. நானும் போட்டேன். வந்தவங்க பெரும்பாலும் மூணு மாசத்துல சிரிச்சுட்டு வந்தாங்க, வலி ஸ்கோர் கொறைஞ்சிருக்கு, படி ஏறுறேன்னாங்க. எலியில வாங்கின அடி எல்லாம் மறந்து போச்சு எனக்கு. பேப்பர் எழுத உக்காந்துட்டேன், கிராஃப் கூட கலர் கலரா போட்டாச்சு. எங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாக்குற அக்காகிட்ட எடுத்துட்டு போனேன். அவங்க கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"நல்லாருக்கு டாக்டர். ஊசி போடாதவங்க எங்க?"

"அக்கா, இது சும்மா ஒரு சீரிஸ்தான், கண்ட்ரோல் எல்லாம் அடுத்த ஸ்டடியில..."

"வெயிட்டிங் லிஸ்ட்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அதுல தேதி வாங்கிட்டு வராம போனவங்க இருப்பாங்கல்ல. அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க."

பண்ணேன். ரெண்டு சாயங்காலம் உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். "ஏங்க வரல?"ன்னு கேட்டா, "வலி தானா கொறைஞ்சிருச்சு டாக்டர், அதான் வரல"ங்கிறாங்க. ஒருத்தர் இல்ல, பாதிக்கு மேல. யோசிச்சா இதுல ஆச்சரியமே இல்ல, முட்டி வலி ஏறி எறங்கும், ஜனங்க டாக்டர்கிட்ட வர்றது உச்சத்துல இருக்கும்போது, உச்சத்துக்கு அப்புறம் எறக்கம்தானே. அந்த எறக்கத்துல யாரு ஊசி போட்டாலும் அவங்கதான் தெய்வம். பேப்பரை அப்படியே மூடி வெச்சுட்டேன். பல வருஷம் கழிச்சு 2021ல ஆஸ்திரேலியாவுல பண்ண பெரிய ட்ரையல் வந்துச்சு, 288 பேரு, பாதி பேருக்கு பி.ஆர்.பி., பாதி பேருக்கு சும்மா உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் வலி கொறைஞ்சிருந்துச்சு, ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. உப்புத்தண்ணி போட்டவங்களும் சிரிச்சுட்டுத்தான் வந்திருக்காங்க. அதை படிச்சப்போ அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், ஒரு தம்ஸ்-அப் மட்டும் வந்துச்சு.

ஸ்டெம் செல்னு, அதாவது வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்லுன்னு, விக்கிறதுல பாதி இந்த வகைதான். மீசன்கைமல் ஸ்டெம் செல்னு 1991ல பேரு வெச்சவரே ஆர்னால்ட் கேப்லன், அவரே 2017ல இந்த பேரை மாத்துங்கப்பா, இது உடம்புல போய் புது உறுப்பா மாறுறது இல்ல, சிக்னல்தான் குடுக்குது, ஸ்டெம் செல்னு சொன்னா ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிறாங்கன்னு எழுதினாரு. பேரு வெச்சவர் பேச்சையே விளம்பரக்காரங்க கேக்கல.

ஒரு அம்மா வந்தாங்க, வயசு எண்பதை தாண்டியிருக்கும், மையப்பார்வை மங்கிட்டே வர்ற மாகுலா நோய், கூட மகன். கையில பளபளன்னு ஒரு நோட்டீஸ், வயித்துக் கொழுப்புல இருந்து ஸ்டெம் செல் எடுத்து கண்ணுல போடுவாங்களாம், ரெண்டு கண்ணுக்கும் ஒரே நாள்ல. "ஜப்பான்ல எல்லாம் பண்றாங்களாமே டாக்டர்"ன்னாரு மகன். பண்றாங்கதான். அதனாலதான் அவங்களை அரை மணி நேரம் உக்கார வெச்சு பேசினேன், வெளிய கூட்டம் முணுமுணுத்துச்சு, பரவால்லன்னு விட்டேன்.

ஜப்பான்ல நடந்தது இது. ஷின்யா யமனாகா 2006ல எலி தோல் செல்லுக்கும் அடுத்த வருஷம் மனுஷ செல்லுக்கும் நாலே ஜீனை குடுத்து பழைய ஆரம்ப நிலைக்கு திருப்பினாரு, அதுதான் ஐ.பி.எஸ். செல், 2012ல நோபல். மசாயோ தகஹாஷின்னு கண் டாக்டர், அவங்க டீம் ஒரு பேஷண்டோட தோல் செல்லை ஐ.பி.எஸ். ஆக்கி, அதை விழித்திரைக்கு அடியில இருக்கிற செல்லா மாத்தி, ஒரு மெல்லிசான ஷீட்டா வளத்து, 2014 செப்டம்பர்ல ஒரு கண்ணுல, ஒரே ஒரு கண்ணுலதான், வெச்சாங்க. ரெண்டாவது பேஷண்டுக்கும் செல்லு ரெடி. ஆனா அந்த செல்லோட ஜீன்ல மாத்தம் இருக்குன்னு தெரிஞ்சதும் வேணாம்னு நிறுத்திட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு முதல் பேஷண்டுக்கு பார்வை கூடல, கொறையவும் இல்ல. அதை அப்படியே எழுதினாங்க. 2017 மார்ச்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு அந்த பேப்பர். அதே இதழ்ல அதுக்கு அடுத்த பேப்பர் என்ன தெரியுமா? அமெரிக்காவுல ஒரு கிளினிக்ல காசு குடுத்து இந்த கொழுப்பு செல் ஊசியை ரெண்டு கண்ணுலயும் போட்டுக்கிட்ட மூணு பெண்கள், 72ல இருந்து 88 வயசு வரைக்கும், மூணு பேருக்கும் பார்வை மோசமா போச்சு, ஒருத்தருக்கு வெளிச்சம்கூட தெரியல. ட்ரையல்னு நம்பி போனவங்களும் அதுல உண்டு. பக்கம் திருப்பினா அடுத்தது. ரெண்டுலயும் அதே நோய், ரெண்டு பக்கமும் ஸ்டெம் செல்னுதான் பேரு.

அந்த அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு மகனை பாத்து "ரெண்டு கண்ணும் ஒரே நாள்லயா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த ஒரு கேள்வியை விட நல்ல செக்லிஸ்ட் நான் இதுவரைக்கும் எழுதல. நான் சேத்துக்கிறது இன்னும் ரெண்டு மூணுதான்: முறையான ட்ரையல்னா சிகிச்சைக்கு உங்ககிட்ட காசு கேக்குறது அபூர்வம், கேட்டா எத்திக்ஸ் கமிட்டி யாருன்னு கேளுங்க. ஒரே ஊசி முட்டி கண்ணு ஆட்டிசம் சுகர் எல்லாத்துக்கும்னா எந்திரிச்சு வந்துடுங்க. பக்கவிளைவு வந்தா யாரு பாப்பாங்க, எத்தனை வருஷம் பாப்பாங்கன்னு கேளுங்க, பதில் சொல்ற முகத்தை பாருங்க.

அதுக்காக ரீஜெனரேட்டிவ் மெடிசினே டுபாக்கூர்னு நெனச்சுடாதீங்க, அப்படி நெனச்சா நான் எப்பவோ வெளிய போயிருப்பேன். ஹோவர்ட் கிரீன் லேப்ல 1975ல தோல் செல்லை வளக்க கத்துக்கிட்டாங்க, அதை வெச்சு எண்பதுகள்ல உடம்பு முழுக்க தீக்காயம் பட்ட குழந்தைங்களை காப்பாத்தினாங்க. 2017ல மிகேலே டி லூக்கா டீம், தொட்டா தோல் உரியிற பிறவி நோய் உள்ள ஏழு வயசு பையனுக்கு, அவனோட செல்லையே எடுத்து ஜீனை சரி பண்ணி ஷீட்டா வளத்து உடம்புல சுமார் 80 சதவீதம் தோலை மாத்திட்டாங்க. அந்த பையன் போட்டோவை முதல்ல பாத்தப்போ கண்ணு கலங்குச்சு, பொய் சொல்லல. ஆனா அங்க கண்ட்ரோல் குரூப்பே தேவைப்படல, ஏன்னா அந்த நிலைமையில தோல் தானா வளராதுன்னு எல்லாருக்கும் தெரியும். தானா ஏறி எறங்குற வலிக்கும், சோர்வுக்கும், "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்ல"ங்கிறதுக்கும்தான் கண்ட்ரோல் வேணும், விளம்பரமும் கரெக்டா அங்கதான் வருது.

1990ங்கிற ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துக்கங்க. அந்த வருஷம் வயசான ஆண்கள் 12 பேருக்கு ஆறு மாசம் குரோத் ஹார்மோன் குடுத்து, 9 பேருக்கு குடுக்காம விட்டு ஒரு பேப்பர் வந்துச்சு, தசை எடை கூடுச்சு, கொழுப்பு கொறைஞ்சுது. கண்ட்ரோல் இருந்துச்சு, ஆனா பலம் கூடுச்சான்னு அளக்கவே இல்ல. அதை வெச்சு ஆன்டி ஏஜிங் கிளினிக்னு ஒரு தொழிலே கிளம்புச்சு. 1996ல இன்னொரு டீம் பலத்தையும் அளந்து பாத்தாங்க, தசை கூடுச்சு, பலம் கூடல, கால் வீக்கமும் மூட்டு வலியும்தான் மிச்சம். அதே 1990ல மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டர் முதியோர் இல்லத்துல சராசரி 90 வயசு ஆளுங்க பத்து பேருக்கு எட்டு வாரம் கால் வெயிட் பயிற்சி குடுத்தாங்க, முடிச்ச ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடுச்சு. எங்க அக்கா இதுக்கும் ஊசி போடாதவங்க எங்கன்னு கேட்டிருப்பாங்க, நியாயம்தான், 1994ல ஃபியாட்டரோன் நூறு பேரை வெச்சு கண்ட்ரோலோட மறுபடி பண்ணாங்க, அப்பவும் பலம் கூடுச்சு. ஆனா பாருங்க, வெயிட் தூக்குறதை வெச்சு எவனும் பளபள நோட்டீஸ் அடிக்கல.

இந்த "உங்க உண்மையான வயசு" டெஸ்ட்டைப் பத்தியும் நிறைய பேரு கேக்குறாங்க. ஸ்டீவ் ஹார்வத் 2013ல டி.என்.ஏ. மேல 353 எடத்துல மெத்தில்ங்கிற வேதிக்குறியை பாத்து வயச கணக்கு போடுற கடிகாரத்தை செஞ்சாரு, ரிசர்ச்சுக்கு ரொம்ப உபயோகம். நான் விளையாட்டுக்கு என் ரத்தத்தை ஒரே தடவை குத்தி ரெண்டு ட்யூப்ல வேற வேற பேருல அனுப்பினேன். ரெண்டு ரிப்போர்ட்டுக்கும் நாலு வருஷம் வித்தியாசம். சின்ன வயசு வந்த ரிப்போர்ட்டைத்தான் வீட்டுல காட்டினேன்னு வெச்சுக்கங்க.

ஜூனியருங்களுக்கு இன்னும் கொஞ்சம். கிராண்ட் அப்ளிகேஷன்ல ஆன்டி ஏஜிங்னு எழுதாதீங்க, ரிவ்யூ பண்றவரு மொதல் பக்கத்துலயே மூடிடுவாரு, எந்த நோய், எந்த செயல்திறன், எப்படி அளப்பீங்கன்னு எழுதுங்க. பழைய மலிவான மருந்துக்கு ட்ரையல் பண்ண பணம் புரட்டுறது புது மருந்தை விட கஷ்டம், சுகர் மாத்திரை மெட்ஃபார்மினை 65ல இருந்து 79 வயசு வரைக்கும் மூவாயிரம் பேருக்கு குடுத்து பாக்க நிர் பார்சிலாய்ங்கிற ஏஜிங் ஆராய்ச்சியாளர் போட்ட திட்டத்துக்கு வருஷக்கணக்கா பணம் தேடிட்டு இருந்தாங்க, பேட்டண்ட் போன மருந்துக்கு கம்பெனி ஏன் காசு போடும்? அப்புறம், கான்ஃபரன்ஸ்ல கூட நின்னு போட்டோ எடுக்குறவங்களை கவனிங்க. நான் ஒரு தடவை பேசிட்டு எறங்கினப்போ யாரோ கை குடுத்தாங்க, மூணு மாசத்துல என் முகம் ஒரு கிளினிக்கோட ஸ்டெம் செல் போஸ்டர்ல இருந்துச்சு, வக்கீல் நோட்டீஸ் விட்டு எடுக்க வெச்சேன், அதுக்குள்ள அதை பாத்து எத்தனை பேரு போனாங்களோ. கிளினிக் நாளை விட்டுடாதீங்க, வாரம் ஒரு நாளாவது பேஷண்ட் பாருங்க, லேப்லயே இருந்தா எலிக்கு என்ன வேணும்னு மட்டும்தான் தெரியும்.

கடைசியா ஒருத்தரைப் பத்தி சொல்லி நிறுத்திக்கிறேன். எங்க ஓ.பி. வராந்தாவுல தரையில நாலு மீட்டருக்கு டேப்பு ஒட்டி வெச்சிருக்கோம், வர்ற எல்லாரையும் சாதாரணமா நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச்ல எடுப்போம். கேவலமா தெரியும், ஆனா 2011ல 34,485 பேரோட கணக்கை சேத்து பாத்தப்போ இந்த நடை வேகம் எத்தனை வருஷம் இருப்பாங்கங்கிறதை நல்லாவே சொல்லுச்சு. வினாடிக்கு 0.8 மீட்டருக்கு கீழ போனா, அதாவது அந்த நாலு மீட்டருக்கு அஞ்சு செகண்டுக்கு மேல ஆனா, நான் தசையை கவனிக்க ஆரம்பிப்பேன். ஒரு சாரு, ரிட்டயர்டு, நல்ல மனுஷன், முட்டிக்கு ஸ்டெம் செல் போட்டுக்கட்டுமான்னு கேட்டாரு. மேல சொன்னதெல்லாம் சொன்னேன், உக்காந்து எந்திரிக்கிற பயிற்சி எழுதிக்குடுத்தேன், டேப்புல நடக்க வெச்சேன், 5.6 செகண்டு. தலையாட்டிட்டு போனாரு. நாலு மாசம் கழிச்சு வந்தாரு, முகமெல்லாம் சிரிப்பு.

"கோச்சுக்காதீங்க டாக்டர். நீங்க வேணாம்னீங்க, நான் போய் போட்டுக்கிட்டேன். பாருங்க, இருபது வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கு."

"பயிற்சி பண்ணீங்களா சார்?"

"அதுக்கு அவசியமே இல்லையே இப்ப!"

சரி வாங்க சார், ஒரு தடவை நடந்துடுங்கன்னேன். கைய வீசிக்கிட்டு கம்பீரமா நடந்தாரு, நர்ஸு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வாட்ச்சை பாத்தேன், 5.7. அவரு அந்த கோட்டுல நின்னு திரும்பி என்னையே பாத்துட்டு இருக்காரு, எப்படின்னு கேக்குற மாதிரி. வலி இல்லையா சார்னு கேட்டேன், இல்லவே இல்லன்னாரு. சந்தோஷம் சார்னேன், நிஜமாத்தான் சொன்னேன். ஃபைல்ல 5.7ன்னு எழுதி தேதி போட்டுட்டு, அந்த பயிற்சி பேப்பரை இன்னொரு காப்பி எடுத்து கையில குடுத்தேன்.